வென்றது ஊர், காலியாய் இருந்தது நாற்காலி!

வெற்றி முழக்கம் வீதியிலே, வேதனை நெஞ்சினிலே! தேர்தல் முடிந்த மறுநாள் இவ்விரண்டும் கைகோத்து வந்து நிற்கும் விந்தையை நம் இயக்கத்தின் வரலாறு அறிந்தோர் அறிவர். 1957-இல் 15 இடங்களைப் பெற்ற திராவிட முன்னேற்றக் கழகம், 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் 50 இடங்களுக்கு உயர்ந்தது. அதே தேர்தலில், சொந்த ஊராம் காஞ்சியில் அறிஞர் அண்ணா தோற்றார். ஐம்பதின் களிப்பைக் கொண்டாடுவதா, ஒன்றின் இழப்பை எண்ணிக் கண் கலங்குவதா என்று தோழர்கள் தவித்தனர். களிப்பும் பொய்யில்லை, கலக்கமும் பொய்யில்லை.

அத்தகைய தவிப்பை ஒரு முறையல்ல, இரு முறையல்ல, தேர்தலுக்குத் தேர்தல் சுமந்த ஊர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. நார்த்தாம்ப்டன் என்பது அதன் பெயர். 1880 முதல் 1886 வரை அவ்வூர் மக்கள் தம் ஆளை வெல்ல வைத்தனர். வென்றவரை உள்ளே விடமாட்டோம் என்றது பார்லிமெண்டு. மீண்டும் வெல்ல வைத்தனர், மீண்டும் விரட்டப்பட்டார். அவர் செய்த குற்றம் யாது? கையூட்டு வாங்கினாரா? கள்ள ஓட்டுப் போட்டாரா? இல்லை. கடவுளை நம்பவில்லை! சார்லஸ் பிராட்லா என்னும் அந்தப் பகுத்தறிவு வீரரின் கதையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே எழுத விரும்புவது அவரைக் காட்டிலும் அவருக்கு ஓட்டளித்த மக்களைப் பற்றி. வரலாற்றுப் பாடம் நடத்த நாம் கையில் எடுத்துச் செல்லும் நூல்களிலே கிளாட்ஸ்டனுக்குப் பக்கங்கள் உண்டு. டிஸ்ரேலிக்குப் பக்கங்கள் உண்டு. நார்த்தாம்ப்டன் தொழிலாளிக்கு ஒரு வரி கிடையாது.

நார்த்தாம்ப்டன், பூட்ஸ் தைக்கும் ஊர். சிப்பாயின் காலுக்கும் சீமான் காலுக்கும் அங்கிருந்துதான் பூட்ஸ் போயிற்று. தோல் அறுப்போர், அடி தைப்போர், ஆணி அடிப்போர் என்று ஊரில் பெரும்பாலோர் அத்தொழிலை நம்பி வாழ்ந்தவர்கள். தோலைத் தொட்டு உழைப்பவனை ஊருக்கு வெளியே ஒதுக்கி, அவன் நிழலுக்கும் தீட்டுக் கற்பித்த நாடு நம் நாடு. அங்கும் செருப்புத் தைப்பவன் ஏழைதான். ஆனால், எட்டி நில் என்று அவனைத் துரத்த அங்கே ஒரு மனு இல்லை. ஆகவே அவன் படித்தான்; பட்டறையில் ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்டனர். படித்ததைப் பற்றி வாதிட்டனர். இங்கிலாந்தில் செருப்புத் தொழிலாளி என்றால் அரசியல் பேசுபவன் என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அவ்வினம் பெயர் பெற்றிருந்தது.

1867-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகரத் தொழிலாளருள் பலருக்கு முதன்முதலாக ஓட்டுரிமை தந்தது. பெண்களுக்குத் தரவில்லை, பரம ஏழைகளுக்கும் தரவில்லை. ஆயினும் கதவு சற்றே திறந்தது. திறந்த கதவின் முன் 1868-இல் வந்து நின்றார் பிராட்லா.

யார் இவர்? இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஹாக்ஸ்டன் என்னும் இடத்தில், 1833-இல், ஒரு வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவுக்கு மகனாகப் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த சிறுவர். பிஷப் வருகிறார், பாடத்தைச் செம்மையாய்ப் படித்து வை என்று பாதிரியார் பணித்தார். பையன் செம்மையாகவே படித்தான்! திருச்சபையின் கொள்கை விதிகள் சொல்வதற்கும் சுவிசேஷங்கள் சொல்வதற்கும் பொருத்தமில்லையே, விளக்குங்கள் ஐயா என்று எழுதிக் கேட்டான். விளக்கம் வரவில்லை, நாத்திகன் என்ற பட்டம் வந்தது. அதனால் வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. கேள்வி கேட்டவனை நாத்திகனாக்கும் திருப்பணியைப் புரோகிதர்கள் எந்த நாட்டிலும் குறைவின்றிச் செய்கிறார்கள்!

பிறகு பட்டாளம், பிறகு வழக்கறிஞர் அலுவலக வேலை, பிறகு மேடை. 1866-இல் தேசியச் சமயச்சார்பற்றோர் சங்கம் அமைத்தார். முடியாட்சி வேண்டாம், குடியாட்சி வேண்டும் என்றார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டதற்காக 1877-இல் அன்னி பெசண்ட் அம்மையாருடன் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஆம், பிற்காலத்தில் நம் சென்னை அடையாற்றிலே அமர்ந்து மகாத்மாக்களின் மகிமையையும் ஆரிய தருமத்தின் பெருமையையும் எடுத்தோதிய அதே பெசண்ட் அம்மையார்தான்! அந்நாளில் அவர் பிராட்லாவின் வலக்கை. காலம் மனிதரை எங்கெங்கோ கொண்டு சேர்க்கிறது. அது வேறு கதை.

1868-இல் பிராட்லா தோற்றார். 1874-இல் இருமுறை நின்றார், இருமுறையும் தோற்றார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓட்டு ஏறிக்கொண்டே வந்தது. 1868-இல் ஊரறிய வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டளிக்க வேண்டும், முதலாளி கேட்டுக்கொண்டிருப்பான். 1872-இல் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னர் தொழிலாளியின் நெஞ்சிலுள்ளது அவன் நெஞ்சுக்கும் பெட்டிக்கும் மட்டுமே தெரிந்தது.

1880 ஏப்ரல். நார்த்தாம்ப்டனுக்கு இரண்டு உறுப்பினர்கள். லிபரல் கட்சியின் லபூஷேர் 4,158 ஓட்டுப் பெற்றார். பிராட்லா 3,827. பழமைக் கட்சியினர் இருவரும் தோற்றனர். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் தங்கள் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்து விட்டோம் என்ற பெருமிதம் அத் தொழிலாளருக்கு. கடவுள் இல்லை என்று மேடையேறி முழங்கும் ஒருவரை, கடவுள் உண்டென்று நம்பும் ஆயிரக்கணக்கானோர் தேர்ந்தெடுத்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 3,827 பேரும் நாத்திகர்களா? இல்லவே இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் அவர்களிலே நிரம்ப உண்டு. எங்கள் குறையை எடுத்துச் சொல்ல வல்லவர் இவர், இவருடைய மதம் எங்களுக்குத் தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். பகுத்தறிவு என்பது இதுவன்றோ!

மே 3. பிராட்லா சபைக்குள் சென்றார். உறுப்பினராகிறவர் அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று ஆணையிட வேண்டும். இறுதியில், ஆண்டவன் துணை நிற்பாராக என்று கூற வேண்டும். நம்பாத ஒன்றின் பேரால் நான் ஏன் ஆணையிட வேண்டும்? ஆண்டவன் பெயரை விட்டு உறுதிமொழி கூறுகிறேன் என்று கேட்டார். குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர் ஆணையிடுவதே பாவம் என்று கருதுபவர்கள். அவர்களுக்கு அச் சபையில் உறுதிமொழி கூறும் உரிமை முன்பே இருந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாத்திகருக்கும் 1869, 1870-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வுரிமையைத் தந்திருந்தன. அதே உரிமையைச் சபையிலும் தாருங்கள் என்பதே பிராட்லாவின் கோரிக்கை.

குழு அமைத்தனர். ஒரே ஓட்டு வேறுபாட்டில், முடியாது என்றது குழு. சரி, சட்டம் அப்படியானால் ஆணையே இடுகிறேன் என்றார் பிராட்லா. கூடவே, அந்தச் சொற்களில் சில எனக்குப் பொருளற்றவை, ஆயினும் ஆணை என்னைக் கட்டுப்படுத்தும் என்று பத்திரிகையில் கடிதமும் எழுதினார். வாய்மை பேசினார், வம்பு வந்தது. பொருளற்றது என்று சொல்லிக்கொண்டே ஆணையிடுவதா, தெய்வ நிந்தனை என்று துள்ளி எழுந்தனர் பழமைக் கட்சியினர். துள்ளியவர்களில் முன்னின்றவர் ராண்டால்ப் சர்ச்சில் பிரபு. பிற்காலத்துப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை. அரச குடும்பத்தைத் தாக்கிப் பிராட்லா எழுதிய நூலைச் சபைத் தரையில் வீசி எறிந்து காலால் மிதித்தார் இச் சீமான். உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது! ஒருவன் பொய் சொல்லத் தயாராக இருந்தால் உள்ளே வரலாம்; உண்மை சொன்னால் வெளியே நிற்க வேண்டும். ஆண்டவனுக்காக அழுதவர்கள் கேட்ட நியாயம் இது.

ஜூன் 22. பிராட்லாவை உறுதிமொழி கூற விடலாம் என்ற தீர்மானம் 230-க்கு எதிராக 275 என்ற கணக்கில் தோற்றது. இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சபையில் பெரும்பான்மை பழமைக் கட்சிக்கு இல்லை, லிபரல் கட்சிக்கு! அத் தேர்தலில்தான் கிளாட்ஸ்டன் வெற்றிவாகை சூடிப் பிரதமரானார். தம் கட்சி ஆண்டும் தம் உறுப்பினருக்கு இடமில்லை. மறுநாள் பிராட்லா சபை வாயிலில் நின்று தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். வெளியேறு என்றனர், மறுத்தார். மணிக்கூண்டுக் கோபுரத்தில் இருந்த சிறை அறையில் அன்றிரவு அடைத்து வைத்தனர். நார்த்தாம்ப்டன் தேர்ந்தெடுத்து அனுப்பியது சபைக்கு. அவர் போய்ச் சேர்ந்தது சிறைக்கு!

அடைத்தும் பயனில்லை என்று கண்டு மறுநாளே விடுவித்தனர். ஜூலைத் திங்களில் கிளாட்ஸ்டன் ஒரு வழி கண்டார். உறுதிமொழி கூறி அமரட்டும்; சட்டப்படி அது செல்லாதென்றால் நீதிமன்றம் சொல்லட்டும் என்றார். பிராட்லா அமர்ந்தார். ஊர் மகிழ்ந்தது. ஒன்பது மாதமும் நிறையவில்லை. 1881 மார்ச்சில் நீதிமன்றம், செல்லாது என்றது. ஆணையிடாமல் சபையில் போட்ட ஒவ்வோர் ஓட்டுக்கும் 500 பவுன் அபராதம்! இடம் காலியாயிற்று.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எத்தனை முறைதான் இந்த மனிதருக்கு ஓட்டளிப்பது, உள்ளே போகிற ஒருவரைப் பார்த்து அனுப்பினால் நமக்குச் சாலை வரும், வேலை வரும் என்று ஒதுங்கியிருக்க மாட்டோமா? ஒதுங்கியவர் அங்கும் சிலர் இருந்தனர். ஏப்ரல் 9-இல் நடந்த இடைத்தேர்தலில் பிராட்லாவுக்கு 3,437. எதிர்த்து நின்ற கார்பெட்டுக்கு 3,305. வெறும் 132 வேறுபாடு. வெற்றிதான், ஆனால் முன்னிலும் மெலிந்த வெற்றி. பெருமையும் கவலையும் ஒரே மூச்சில் வந்த எண் அந்த 132.

இம்முறை ஆணையிட வந்தவரை அதற்கும் விடவில்லை. 1881 ஆகஸ்டு 3. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினன் நான், என் இடத்துக்குப் போகிறேன் என்று பிராட்லா சபைக் கதவை நெருங்கினார். நெடிய உருவம், பட்டாளத்து உடல். சபைக் காவலரும் போலீசாரும் பத்துப் பேருக்கு மேல் சூழ்ந்து பிடித்துப் படிக்கட்டு வழியே இழுத்து வந்து வெளி முற்றத்தில் தள்ளினர். உடை கிழிந்தது; தோளிலும் கையிலும் காயம். வெளியே கூட்டம் கூட்டமாக மக்கள் கோரிக்கை மனுக்களோடு நின்றிருந்தனர். ஒரு சைகை செய்தால் போதும், கதவு தூள் தூளாகியிருக்கும். சைகை வரவில்லை. வன்முறை கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அடிபட்ட தலைவனைக் கண்ணெதிரே கண்டும் கட்டுப்பாடு காத்து நின்ற அக் கூட்டத்தை எண்ணுந்தோறும் நமக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறது. அடிப்பதற்கு வலிமை வேண்டும். அடிக்காமல் நிற்பதற்கு அதனினும் பெரிய வலிமை வேண்டும்.

1882 பிப்ரவரியில் பிராட்லா மற்றொன்று செய்தார். மேசையருகே நேரே சென்றார், பையிலிருந்து விவிலியத்தை எடுத்தார், ஆணைமொழியைத் தாமே படித்தார், தாமே கையொப்பமிட்டார், போய் அமர்ந்தார்! தாலி கட்டப் புரோகிதர் வரமறுத்தால் நாமே கட்டிக்கொள்ளலாமே என்பது போல. சபை சீறிற்று. உறுப்பினர் பதவியிலிருந்தே நீக்கிற்று. மார்ச் 2-இல் மீண்டும் இடைத்தேர்தல். பிராட்லா 3,798, கார்பெட் 3,687. வேறுபாடு 111. வென்றார், ஆனால் உள்ளே செல்ல முடியவில்லை.

1883-இல் கிளாட்ஸ்டன் சட்டமே கொண்டு வந்தார். விரும்பும் உறுப்பினர் ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்ற மசோதா. கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறித்துவ பக்தர். பிராட்லாவின் கொள்கை அவருக்கு எட்டிக்காய். ஆயினும் ஏப்ரல் 26-இல் அவர் ஆற்றிய உரை அவர் வாழ்வின் சிறந்த உரைகளுள் ஒன்று என்பர். ஏதோ ஒரு கடவுளை நம்புகிறேன் என்று வாயளவில் சொன்னால் போதும் என்பது மதத்துக்கே இழிவல்லவா என்று கேட்டார். லுக்ரீஷியஸ் என்னும் பண்டை ரோமானியக் கவிஞனின் வரிகளை இலத்தீனிலேயே எடுத்துரைத்தார். மே 3-இல் ஓட்டெடுப்பு. ஆதரவு 289, எதிர்ப்பு 292. மூன்றே ஓட்டில் மசோதா மாண்டது!

அந்த மூன்று ஓட்டுக்காரர்கள் யார் என்று தேடுவதைவிட, எதிர்த்தவர்களின் வரிசையில் நின்ற அயர்லாந்து உறுப்பினர்களைப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் பிராட்லா. 1829 வரை கத்தோலிக்கர் என்ற காரணத்துக்காகவே இவர்களின் முன்னோர்க்கு அதே சபையின் கதவு சாத்தப்பட்டிருந்தது. யூதராகிய ரோத்சைல்டு 1847-இல் இலண்டன் நகரத்தில் வென்றும் 1858 வரை அமர முடியாமல் நின்றார். நேற்று வெளியே நின்றவன் இன்று உள்ளே போனதும் தாழ்ப்பாளைத் தேடுகிறான்! கத்தோலிக்கத் தலைமைக் குரு மானிங் இம் மசோதாவை முன்னின்று எதிர்த்தார். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் மற்றோர் ஒடுக்கப்பட்டவனின் தோழனாகிவிடமாட்டான் என்பதற்கு நாம் கடல் கடந்து சான்று தேட வேண்டியதில்லை. அடுத்த சேரியைத் தாழ்ந்தது என்று எண்ணும் தெரு நம் ஊரிலேயே உண்டு.

1884 பிப்ரவரியில் மறுபடியும் தாமே ஆணையிட்டார், மறுபடியும் இடைத்தேர்தல், பிராட்லா 4,032, எதிராளி ரிச்சர்ட்ஸ் 3,664. இப்போது வேறுபாடு 368. இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 132, 111, 368. களைத்திருக்க வேண்டிய ஊர் களைக்கவில்லை. முன்பு ஒதுங்கி நின்றவர்களில் சிலர் இப்போது வந்து சேர்ந்துவிட்டனர். அவர்கள் எல்லாம் பிராட்லாவின் கொள்கைக்கு மாறினார்களா? அல்ல. பிரச்சினை மாறிவிட்டது! கடவுள் உண்டா இல்லையா என்பது முதல் தேர்தலில் பழமைக் கட்சி எழுப்பிய கேள்வி. எங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கா, சபைக்கா என்பது நான்காம் தேர்தலில் ஊர் எழுப்பிய கேள்வி. ஒருவருடைய நாற்காலிக்காக அல்ல, தன் ஓட்டின் மானத்துக்காக ஊர் ஓட்டளித்தது.

ஆனால் அதற்கு விலை கொடுத்ததும் அந்த ஊர்தான். இரண்டு உறுப்பினர் பேச வேண்டிய ஊருக்கு ஆண்டுக் கணக்கில் ஒருவரே பேசினார். பிராட்லாவும் வழக்குகளில் கடன்பட்டார்.

1885 நவம்பரில் பொதுத்தேர்தல். ஐந்தாம் முறை வென்றார். புதிய பார்லிமெண்டு, பழைய தீர்மானங்கள் பழைய சபையோடு போயின. 1886 ஜனவரி 13. ஆணையிட வந்த பிராட்லாவைத் தடுக்கப் பழமைக் கட்சியினர் எழுந்தனர். சபாநாயகர் ஆர்தர் பீல், உறுப்பினருக்கும் அவர் எடுக்கும் ஆணைக்கும் இடையே குறுக்கிட எனக்கும் உரிமையில்லை, பிறருக்கும் உரிமையில்லை என்று அமர்த்திவிட்டார். பிராட்லா ஆணையிட்டார். கைகுலுக்கினார். அமர்ந்தார். ஆறாண்டுப் போர் சில நிமிடங்களில் முடிந்தது.

பெருமைதான். ஆனால் எப்படி அமர்ந்தார்? ஆண்டவன் பெயரால் ஆணையிட்டு! எதைச் சொல்லமாட்டேன் என்று முதல் நாள் கேட்டாரோ, அதைச் சொல்லித்தான் கடைசி நாள் உள்ளே போனார். பகுத்தறிவாளர்களிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. அந்த மனத்தாங்கல் நமக்கும் உண்டு, மறைப்பானேன்? மேடையிலே கடவுளை மறுத்தவர், மேசையிலே அவர் பெயரைச் சொல்வதா என்று முதலில் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். தம் தூய்மையை மட்டும் காத்துக்கொள்ள நினைத்திருந்தால் பிராட்லா 1880-லேயே விலகி, கொள்கைக் குன்றாய் வீட்டில் இருந்திருக்கலாம், மாலைகள் வந்திருக்கும். ஊரின் ஓட்டு அனாதையாகியிருக்கும். நாலாயிரம் பேரின் குரலைச் சுமப்பவன் தன் ஒருவன் மனச்சான்றை மட்டும் கணக்கிட முடியாது. தம் நாவில் கசப்பை ஏற்றுக்கொண்டு ஊரின் குரலை உள்ளே கொண்டுபோனார் என்பதே நம் கருத்து. இதற்கு மாறான கருத்துடைய தோழர்களும் இருக்கக் கூடும். அவர்கள் அடுத்து நடந்ததையும் கணக்கில் சேர்க்கட்டும்.

உள்ளே போனவர் சும்மா இருக்கவில்லை. மத நம்பிக்கை இல்லை என்றாலும், ஆணையிடுவது தம் மதத்துக்கு மாறானது என்றாலும், எவரும், எங்கும், பார்லிமெண்டிலும் நீதிமன்றத்திலும், ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை 1888-இல் நிறைவேற்ற வைத்தார். அப்போது ஆட்சியில் இருந்தது எது? பழமைக் கட்சி! கிளாட்ஸ்டன் மூன்று ஓட்டில் தவற விட்டதைப் பிராட்லா எதிரியின் ஆட்சியிலேயே பெற்றார். தமக்கு மறுக்கப்பட்ட கதவைத் தமக்குப் பின் வருபவருக்கெல்லாம் திறந்து வைத்தார்.

அந்த வழியில் நாமும் நடந்திருக்கிறோம். இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பதவி ஏற்பவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டையும் சமமாக வைத்திருக்கிறது. 1967 மார்ச் 6-இல் அண்ணா தலைமையில் கழக அமைச்சரவை பதவி ஏற்றபோது, கடவுள் பெயரை விடுத்து உளமார உறுதி கூறியது. வானம் இடிந்து விழவில்லை. வாயிலில் யாரும் மறிக்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும் உரிமைக்காக ஒருவர் கோபுரச் சிறையில் ஓர் இரவு கிடந்தார் என்பதையும், ஓர் ஊர் ஐந்து முறை ஓட்டளித்தது என்பதையும் அன்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

நம் நாட்டோடு அவருக்கு வேறு தொடர்பும் உண்டு. பார்லிமெண்டில் இந்தியாவின் குறைகளை ஓயாது பேசியதால் அவரை இந்தியாவின் உறுப்பினர் என்றே அழைத்தனர். 1889 டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்கு, நோயினின்று முற்றும் தேறாத உடலோடு வந்தார். அதற்கு முன்பே நம் சென்னையில் அவர் கருத்துக் காற்று வீசியிருந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் ஏட்டையும், ‘திங்கர்’ என்ற ஆங்கில ஏட்டையும் நடத்திப் புராணப் புளுகையும் சாதிக் கொடுமையையும் சாடினர். பிராட்லாவின் சங்கத்தைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவர்கள் அவர்கள். நார்த்தாம்ப்டன் தொழிலாளி ஓட்டளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஓட்டே இல்லாத சென்னைத் தமிழர் சிலர் அச்சுக்கோத்துக் கொண்டிருந்தனர்! சுயமரியாதை இயக்கம் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. நெடுங்காலம் மறந்து கிடந்த அவ்வேடுகள் நம் காலத்தில் தொகுக்கப்பட்டு நூல்களாக வந்துள்ளன. தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

பிராட்லாவின் எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்பதற்கில்லை. பொதுவுடைமையை அவர் எதிர்த்தார். தனி மனிதன் தன் முயற்சியால் உயர வேண்டும் என்ற அந்நாளைய லிபரல் எண்ணம் அவரை விடவில்லை. தம்மைத் தேர்ந்தெடுத்த பூட்ஸ் தொழிலாளியின் கூலிப் பிரச்சினைக்கு அதில் முழு விடை இல்லை. பெசண்ட் அம்மையாரும் முதலில் சமதர்மத்தின் பக்கம் சாய்ந்து, பிறகு 1889-இல் பிரம்மஞானத்தின் பக்கம் சாய்ந்து, அவரை விட்டு விலகினார்.

1891 ஜனவரியில் பிராட்லா மரணப் படுக்கையில் கிடந்தார். வயது 57. 27-ஆம் நாள் சபையில் ஹண்டர் என்ற உறுப்பினர் எழுந்து, பிராட்லாவை ஆணையும் உறுதிமொழியும் கூற விடாமல் தடுத்த 1880 ஜூன் 22-ஆம் நாள் தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்து அடித்து நீக்க வேண்டும் என்றார். பழமைக் கட்சி ஆண்ட சபை அதை ஏற்றது. முன்பு அவரைத் தூக்கி எறிந்த சபை, இப்போது தன் தீர்ப்பைத் தானே கிழித்தது. அச் செய்தியைக் கேட்டு உணரும் நிலையில் அவர் இல்லை. மூன்று நாள் கழித்து, 30-ஆம் நாள் மறைந்தார்.

புரூக்வுட் இடுகாட்டில் சடங்கில்லை, மந்திரமில்லை, உரையுமில்லை. மௌனமாக அடக்கம் செய்தனர். கூடி நின்ற பெருந்திரளில் சட்டம் படிக்க வந்திருந்த 21 வயது குஜராத்தி இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் மோகன்தாஸ் காந்தி. நார்த்தாம்ப்டனில் பிப்ரவரியிலேயே இடைத்தேர்தல் வந்தது. மான்பீல்டு என்ற பூட்ஸ் உற்பத்தியாளரை லிபரல் உறுப்பினராக ஊர் அனுப்பியது. அவரை வாயிலில் யாரும் தடுக்கவில்லை.